கட்டமாய்ப் போய்ச் சேரும் இதயம்

கொழும்பில் துணிக்கடையொன்றில் நிற்கும் மகள், கடை மூடிய பிறகு, இரண்டு கை சேர்ந்து இதயம் செய்யும் அந்தக் குறியை அம்மாவுக்கு அனுப்புகிறாள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அதாவது லயத்தில், மகன் பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய போனில், அது ஒரு வெறும் கட்டமாக வந்து நிற்கிறது. "என்னமோ பெட்டி மாதிரி அனுப்பியிருக்கியே, போன் பழுதாயிருச்சா?" என்று அம்மா கேட்கிறார். மகளுக்குக் கூச்சம். "ஒன்னுமில்லம்மா" என்று முடித்துவிடுகிறாள். சொல்ல நினைத்தது அதோடு நின்றுபோகிறது.

மலையகத்தில் இப்படி நின்றுபோகும் செய்திகள் ஏராளம். ஒரு வீட்டில் ஒருவர் மலையில் கொழுந்தெடுக்க, ஒருவர் கொழும்பில், ஒருவர் சவூதியிலோ குவைத்திலோ என்று பிரிந்திருப்பது வழமையாகிவிட்டது. நேரில் சொல்லிப் பழகாத அன்பை வட்ஸ்அப்பில் ஒரு கைக் குறியால் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் பிள்ளைகள். நல்ல பழக்கம். ஆனால் குறி போய்ச் சேர மூன்றும் கூடிவர வேண்டும். வாங்குபவரின் போனுக்கு அதை வரையத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவரின் கண்ணுக்கு அது இன்னதென்று புரிய வேண்டும். இருவருக்கும் உள்ள முறை அதைத் தாங்க வேண்டும். மூன்றில் எது தவறினாலும் அனுப்பியவருக்கு அது தெரியவே வராது; அவருடைய திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இங்கே எந்தக் குறியையும் படமாக இடாமல் சொல்லாலேயே விவரிப்பதும் அதனால்தான். வாசிப்பவரின் போனில் அது கட்டமாக விழுந்தால் விளக்கமே வீணாகிவிடும்.

எந்தக் கை எது

அன்பு சொல்லும் கைகளில் இன்று அதிகம் ஓடுவது இரு கை இதயம். இரண்டு பெருவிரல்களின் நுனிகளும் கீழே தொட்டுக்கொள்ள, மற்ற விரல்கள் மேலே வளைந்து ஒன்றையொன்று தொடும். நடுவில் உள்ள வெற்றிடம் இதய வடிவில் இருக்கும். உலகத்துப் போன்கள் எல்லாம் ஒரே எழுத்தையும் குறியையும் காட்டுவதற்காக இருக்கும் யூனிகோட் முறையின் 14.0 பதிப்பில், 2021 செப்டம்பரில் இது சேர்ந்தது. ஐபோன்களுக்கு 2022 மார்ச்சில் வந்த 15.4 மென்பொருளோடு கிடைத்தது. அதற்கு முன்பே மைதானத்திலும் மேடையிலும் ஆட்கள் கையால் காட்டிவந்த சைகைதான். போனுக்குள் வந்தது பிந்தி.

இதன் பொருள் சிவப்பு இதயத்தைவிட மென்மையானது. "உங்கள்மேல் பாசம்", "நன்றி", "உங்களோடு நிற்கிறேன்" என்ற மூன்றுக்கும் இடையில் எங்கேயும் இது பொருந்தும். பரீட்சையில் சித்தியடைந்த தங்கச்சிக்கு, இரத்தம் கொடுத்த நண்பனுக்கு, புதுக் குழந்தையின் படத்துக்கு எல்லாம் போகும். சிவப்பு இதயத்தில் காதல் வாடை வரக்கூடிய இடத்தில், இரண்டு கை தெரிவதாலேயே இது நட்பாக வாசிக்கப்படுகிறது. ஆனாலும் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

விரல் இதயம் வேறு. ஒரே கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் குறுக்காகப் படிந்து, அந்தச் சின்ன நுனிகள் இதயம் போலத் தெரியும். தென் கொரியாவின் பாட்டுக்குழுக்களும் நடிகர்களும் பரப்பியது. கொரிய நாடகம் பார்க்கும் பிள்ளைகளும், கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்களும் இதைப் பார்த்தவுடன் அறிவார்கள். அவர்களுடைய அப்பாமாருக்கு இது காசு கேட்கும் கை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்தால் எங்கள் ஊரில் பணம் என்றுதான் பொருள். மாதக் கடைசியில் ஒரு மகன் இதை அப்பாவுக்கு அனுப்பினால், "எவ்வளவு வேணும்?" என்று பதில் வருவது அப்பாவின் பிழையல்ல. இதுவும் 2021இல், இரு கை இதயத்தோடு ஒன்றாக வந்த குறிதான்.

மூன்றாவது, பெருவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல் மூன்றும் நீண்டு, நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கிய கை. அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து வந்தது. "ஐ லவ் யூ" என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளுக்கான சைகைகள் ஒரே கையில் அடுக்கப்பட்டிருக்கின்றன: சுண்டுவிரல் ஐ, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தால் எல், பெருவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்தால் வை. காது கேளாதவர்கள் உருவாக்கிய சைகை இது. 2017இல் யூனிகோட் 10.0இல் சேர்ந்தது. இலங்கையில் காது கேளாதவர்கள் பேசும் சைகை வேறு. அதனால் அவர்களில் எல்லோருக்கும் இது புரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு எப்போதும் குழம்புவது கொம்புக் கை. சுட்டுவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீண்டு, பெருவிரல் உள்ளே மடங்கி நடுவிரல்களைப் பிடித்திருக்கும். ரொக் இசை ரசிகர்களுடைய கை அது, 2015இலிருந்து இருக்கிறது. இத்தாலி போன்ற நாடுகளில் ஒருவரை நோக்கிக் காட்டினால், மனைவி ஏமாற்றுகிறாள் என்று அவமதிப்பதாகும். இத்தாலியில் வேலைக்குப் போன உறவினர் எங்கள் நாட்டில் நிறையப் பேருக்கு உண்டு. அவர் வழியாக அங்குள்ள முதலாளிக்கு வாழ்த்து அனுப்பும்போது பெருவிரல் வெளியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபாடு அந்த ஒரு விரலில்தான் இருக்கிறது.

குழப்பத்துக்கு விசைப்பலகையும் ஒரு காரணம். கைக் குறிகள் ஒரு நிலையான வரிசையில் வருகின்றன. வெற்றி காட்டும் இரு விரல், பின்னிய விரல், விரல் இதயம், மூன்று விரல் அன்புக் கை, கொம்புக் கை என்று அடுத்தடுத்து நிற்கும். அன்புக் கையும் கொம்புக் கையும் பக்கத்துப் பக்கத்து வீடு. இன்னும் கீழே போனால் கைதட்டல், உயர்த்திய இரு கை, இரு கை இதயம், விரித்த கைகள், ஏந்திய கைகள், கைகுலுக்கல், கூப்பிய கை என்று வரும். இரு கை இதயத்தைத் தேடுபவர் கைதட்டலைக் கண்டுபிடித்து அதையும் சேர்த்து வரிசையாக எண்ணினால் மூன்றாவது. நடுவில் ஒரு ஆபத்தான வரிசையும் உண்டு. மேலே காட்டும் விரலுக்கும் கீழே காட்டும் விரலுக்கும் இடையில் நடுவிரல் தனியாக நீட்டிய கை நிற்கிறது. "மேலே உள்ள படத்தைப் பாருங்க" என்று தோட்டத்துக் குழுவில் விரல் காட்டப் போய், அந்தக் கை விழுந்து சண்டை வந்த வீடுகள் உண்டு. குளிர்ந்து விறைத்த விரலாலும், மழைத்துளி விழுந்த திரையிலும் இது எளிதில் நடக்கும்.

தவறி விழுந்தால் பதற வேண்டாம். வட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, அழிக்கும் தொட்டிப் படத்தைத் தொட்டு, "எல்லோருக்கும் அழி" என்பதைத் தெரிவுசெய்யலாம். அனுப்பி இரண்டு நாளும் பன்னிரண்டு மணித்தியாலமும் வரை இது முடியும். திருத்துவதாக இருந்தால் 15 நிமிடத்துக்குள். அழித்தால் "அழிக்கப்பட்டது" என்ற வரி நின்றுகொண்டே இருக்கும். திருத்தினால் "திருத்தப்பட்டது" என்று சிறிதாக மட்டும் காட்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு அனுப்பியதில் திருத்துவதே நல்லது. அழித்த வரியைப் பார்த்தால் எதையோ மறைக்கிறான் என்று மனம் அலைபாயும்.

கட்டம் ஏன் வருகிறது

போனுக்குள் போவது படம் அல்ல, ஓர் எண். அந்த எண்ணுக்குரிய உருவம் வாங்கும் போனின் எழுத்துருவில் இருந்தால் படம் தெரியும், இல்லாவிட்டால் கட்டம். 2022க்கு முன் வந்து, பிறகு மென்பொருள் புதுப்பிக்கப்படாத போன்களில் இரு கை இதயத்துக்கு உருவமே கிடையாது.

ஆனால் வட்ஸ்அப்பில் ஒரு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் வட்ஸ்அப் தன்னுடைய சொந்தப் படங்களையே காட்டுகிறது. போனின் எழுத்துருவை நம்பி இருப்பதில்லை. ஆகவே போன் பழையதாக இருந்தாலும் வட்ஸ்அப் புதியதாக இருந்தால் இதயம் தெரியும். இதைத் தெரிந்துகொண்டால் வீட்டுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுக்க வேண்டிய தேவையே பல நேரம் இருக்காது. ப்ளே ஸ்டோருக்குப் போய் வட்ஸ்அப்பைத் தேடி, "அப்டேட்" என்ற பொத்தானை அழுத்தினால் போதும்.

அதை அழுத்தினால் "இடம் போதாது" என்று வரும். மலையகத்துப் போன்களில் நூற்றுக்கு நூறு இதுதான் முட்டுக்கட்டை. காலை வணக்கப் படங்களும் சாமி வீடியோக்களும் குழுக்களில் சுற்றிவந்து போனை நிரப்பியிருக்கும். வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் "சேமிப்பகமும் தரவும்" என்ற இடத்தில் "சேமிப்பகத்தை நிர்வகி" என்று இருக்கும். அங்கே பெரிய வீடியோக்களும் பலமுறை சுற்றிவந்தவையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்படும். அவற்றை மட்டும் அழியுங்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள் எவை என்று கேட்டுவிட்டு அழியுங்கள். கேட்காமல் அழித்துவிட்டுப் போன பிள்ளைமேல் அம்மாயிக்கு வரும் வருத்தம் இதயக் குறியால் ஆறாது. புதுப்பிப்பை வைஃபை உள்ள வீட்டிலோ, டவுனில் தெரிந்த கொமியுனிகேஷன் கடையிலோ செய்தால் அம்மாவின் டேட்டா கார்ட் கரையாது.

இதற்குப் பிறகும் ஒரு குழப்பம் மிஞ்சும். செய்தி வந்ததும் திரையின் மேலே இறங்கும் அறிவித்தலைப் போனே வரைகிறது, வட்ஸ்அப் வரைவதில்லை. அதனால் அறிவித்தலில் கட்டமும், திறந்து பார்த்தால் இதயமும் தெரியும். "மேலே பெட்டி வந்தா பயப்படாம தொறந்து பாருங்கம்மா" என்று ஒரு வரி முன்கூட்டியே சொல்லிவைத்தால் தீர்ந்தது.

தோல் நிறம் இன்னொரு சிக்கல். கைக் குறியை அழுத்திப் பிடித்தால் ஐந்து நிறங்கள் விரியும். 2015இல் வந்தவை, தோல் வைத்தியர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை வைத்துப் பிரித்தவை. கையோடு நிறம் தனி எண்ணாக ஒட்டிப் போகிறது. பழைய போனுக்கு அந்த இரண்டையும் சேர்க்கத் தெரியாவிட்டால், மஞ்சள் கையும் அதன் பக்கத்தில் ஒரு பழுப்புச் சதுரமும் தனித்தனியாக விழும். பழைய போனுக்கு அனுப்பும்போது மஞ்சளிலேயே விடுவது பாதுகாப்பானது. மற்றபடி தன் நிறத்தைத் தெரிவுசெய்து அனுப்புவதில் ஓர் உரிமை இருக்கிறது. பிள்ளைகள் அதைச் செய்யட்டும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்நுனிகளும் வெடித்த பெருவிரலும் அந்த ஐந்து நிறத்தில் எதிலும் இல்லை. அம்மாவின் கை எப்படி இருக்கும் என்று அறிந்த பிள்ளைக்குத்தான் அந்தக் குறை தெரியும்.

எஸ்எம்எஸ்ஸில் கணக்கு வேறு. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பும் செய்திக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும். அதில் ஒரே ஒரு கைக் குறியைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் வேறு முறைக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகச் சுருங்கிவிடும். 150 எழுத்துச் செய்தி ஒன்றுக்குப் பதில் மூன்றாகப் பிரிந்து, மூன்றின் காசு போகும். பிரியும்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67தான் கிடைக்கும். தமிழ் எழுத்தில் அடிப்பவர்கள் ஏற்கனவே அந்த 70க்குள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறியால் இரண்டு இடம் மட்டும் குறையும், நிறம் சேர்த்தால் நான்கு. பட்டன் போன் வைத்திருப்பவருக்குப் புதிய குறி எதுவும் வேண்டாம். அங்கே கட்டம்கூட வராமல் கேள்விக்குறி வந்துவிடும். அப்பா அதை உண்மையான கேள்வி என்று நினைத்து என்ன கேட்கிறாய் என்று எடுப்பார். பட்டன் போனுக்குச் சொல்தான் சரி. "மழையாப்பா? அட்டை கடிச்சிச்சா?" என்று கேட்டால் அதைவிட நெருக்கமாக ஒரு குறியும் கேட்காது.

எந்தப் போன் என்று தெரியாதபோது பழைய குறிகளை நம்பலாம். கூப்பிய கை 2010இலிருந்து இருக்கிறது. சிவப்பு இதயத்தின் அடிப்படை வடிவம் 1993லேயே யூனிகோடில் இருந்தது. ஓரளவு பழைய ஸ்மார்ட் போனிலும் இந்த இரண்டும் வரையப்படும். கூப்பிய கையும் சிவப்பு இதயமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரியவர்களுக்கு இரு கை இதயத்தைவிட அது நன்றாகப் புரியும்.

யாருக்கு எந்தக் கை

இங்கேதான் அதிகம் தவறுகிறது.

அப்பாயி, அம்மாயி, தாத்தாமாருக்குக் கூப்பிய கை. பேரன் கும்பிடுகிறான், ஆசீர்வாதம் கேட்கிறான் என்று அவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு குரல் பதிவில் "நல்லா இருடா சாமி" என்று வரும். அவர்களுக்கு முதலிலேயே இரு கை இதயம் அனுப்பினால், சின்னத் திரையில் அது ஏந்திய கை போலத் தெரிந்து, "என்னா கேக்குறான்?" என்று விசாரிப்பார்கள். நேரில் ஒருமுறை கையால் செய்து காட்டிவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை. காட்டிக் கொடுத்த ஒன்று மனதில் நிற்கிறது. விளக்கம் சொன்னால் நிற்பதில்லை.

அம்மா, அக்கா, தங்கச்சி, சின்னம்மா, பெரியம்மாவுக்குத் தாராளமாக. அப்பாவுக்கு மகன்மார் அனுப்புவது இன்னும் அரிது. திடீரென்று ஒருநாள் இதயம் அனுப்பினால் "என்னா பிரச்சினை?" என்று அப்பா பயந்துவிடலாம். அவர் அனுப்பும் படத்துக்கு ஒரு கைக் குறியை எதிர்வினையாக ஒட்டுவதிலிருந்து தொடங்குவது எளிது. செய்தியை அழுத்திப் பிடித்தால் ஆறு குறிகள் வரும். கடைசியில் உள்ள கூட்டல் அடையாளத்தைத் தொட்டால் எல்லாக் குறிகளும் திறக்கும். 2022 மே மாதம் இந்த வசதி தொடங்கியபோது ஆறுதான் இருந்தன; அதே ஆண்டு ஜூலையிலிருந்து எதையும் ஒட்டலாம். ஒரு செய்திக்கு ஒருவர் ஒரு குறிதான் ஒட்ட முடியும், மாற்றினால் பழையது போய்விடும்.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அம்மாமாருக்கு இந்த எதிர்வினை பெரிய உதவி. சவூதியிலும் குவைத்திலும் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தி. பிள்ளை இங்கே பாடசாலை விட்டு வந்து இரண்டு மணிக்குப் படம் அனுப்பும்போது அங்கே பதினொன்றரை, வேலை உச்சத்தில் இருக்கும். இரவில் போன் கைக்கு வரும் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இரு கை இதயம் ஒட்டிவிட்டால், அம்மா எதையும் விடாமல் பார்த்திருக்கிறார் என்று காலையில் பிள்ளைக்குத் தெரியும். பொதுவாக ஒரு இதயம் போட்டுவிட்டுப் போவதைவிட ஒவ்வொன்றிலும் ஒட்டுவது பிள்ளைக்கு அதிகம் சொல்லும். பிள்ளைகள் அதை எண்ணிப் பார்க்கிறார்கள்.

முறை உள்ள உறவில் கவனம் வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்றால் எங்களிடையே கட்டிக்கொள்ளும் முறை. தோழிக்கு அனுப்பும் அதே இரு கை இதயத்தை அத்தை மகனுக்கு அனுப்பினால், அவனுடைய அம்மா அதைப் பார்த்தால், அடுத்த திருவிழாவுக்குள் பேச்சு எழும்பிவிடும். குடும்பக் குழுவில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டால் அப்படி வாசிக்கப்படுவதில்லை. தனியாகப் போட்டால் வாசிக்கப்படும். விருப்பம் இருந்தால் அது வேறு. இல்லாவிட்டால் கைதட்டலும் பெருவிரலும் போதுமானவை. அண்ணன் மனைவியான மதினிக்கும், கணவனின் தம்பியான கொழுந்தனுக்கும் இதே கணக்குத்தான். இதைப் பழைய காலத்துக் கட்டுப்பாடு என்று தள்ளலாம். ஆனால் பேச்சு எழும்பினால் அதைச் சுமப்பது பெரும்பாலும் பெண் பிள்ளைதான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியருக்குக் கூப்பிய கை. ஆசிரியர் மாணவருக்கு அனுப்புவது வகுப்புக் குழுவில் மட்டும், அதுவும் கைதட்டலோ பெருவிரலோ. தனிச் செய்தியில் எந்த இதயமும் வேண்டாம். தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவுக்கும் வங்கிக்கும் விடுமுறைக் கடிதத்துக்கும் கைக் குறியே வேண்டாம், வணக்கம் என்று எழுதினால் அழகாக இருக்கும்.

சிங்கள நண்பர்கள் கூப்பிய கையை ஆயுபோவன் என்ற வணக்கமாக வாசிப்பார்கள்; நன்றிக்கும் அதையே அனுப்புவார்கள். பிக்கு ஒருவருக்குச் செய்தி அனுப்பினால் அந்தக் கை மட்டும். டவுனிலுள்ள முஸ்லிம் நண்பர்கள் ஏந்திய கைகளைப் பிரார்த்தனைக்கு அனுப்புகிறார்கள். இரு கை இதயத்துக்கு ஒரு குறி தள்ளியே அது இருப்பதால் மாறி அழுத்திவிடுவது சுலபம். சுகமில்லாத ஒருவருக்கு மாறிப்போனால் பரவாயில்லை, இரண்டும் நல்ல சொல்தான்.

சாவுச் செய்தியில் மாறக் கூடாது. தோட்டக் குழுவில் ஒருவர் காலமானார் என்று படம் வந்தால் அதன் கீழே மஞ்சள் கைகளில் இதயம் பளிச்சென்று நின்றால், அனுப்பியவரின் மனம் எதுவாக இருந்தாலும் கொண்டாட்டம் போலத் தெரியும். கூப்பிய கை ஒன்று போதும். நெருங்கியவர் என்றால் அதுவும் போதாது, எடுத்துப் பேச வேண்டும். முடிந்தால் போக வேண்டும்.

கண் தெரியாதவர்களுக்கு அனுப்பும்போது ஒரே குறியைப் பத்து முறை அடுக்காதீர்கள். திரையை வாசித்துச் சொல்லும் செயலி குறியின் பெயரைச் சொல்லும். அடுக்கி அனுப்பினால் செய்தியைக் கேட்கவிடாமல் அந்தப் பெயரே திரும்பத் திரும்ப வரும். ஒன்று, செய்தியின் கடைசியில்.

அறிமுகமில்லாத இலக்கத்திலிருந்து முதல் நாளே இரு கை இதயம் வந்தால், இரண்டாம் நாள் பாசப்பேச்சும் மூன்றாம் நாள் போனுக்குக் காசு போடச் சொல்லி ரீலோட் கேட்டலும் வரலாம். பதில் அனுப்பாமல் தடுத்துவிடுங்கள்.

நேரில் செய்து படம் எடுக்கும்போது

எல்ல, ஹப்புத்தளை, தலவாக்கலைப் பக்கம் எங்கு போனாலும் கையில் இதயம் செய்து படம் எடுக்கிறார்கள். பெரும்பாலான படங்களில் அது இதயமாக இல்லை, சாய்சதுரமாக இருக்கிறது. விரல்களை நேராக நீட்டுவதுதான் காரணம். விரல்களை நடு மூட்டில் வளைத்து, நகங்கள் முதுகோடு முதுகு தொடும்படி நுனிகளைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் மேலே அந்தப் பள்ளம் வரும். பெருவிரல்களை நேராகக் கீழ்நோக்கி நீட்டி நுனியில் மட்டும் தொடுங்கள். மணிக்கட்டுகளை மிகவும் நெருக்கினால் இதயம் ஒடுங்கிப்போகும்.

1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்தையோ, 97 மீற்றர் உயரமான டெவன் அருவியையோ இதயத்துக்குள் அடக்க வேண்டுமானால், செய்பவர் கையை முழுதாக நீட்ட, எடுப்பவர் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று திரையில் பாலத்தையோ அருவியையோ தொட்டு எடுக்க வேண்டும். கையைத் தொட்டால் கை தெளிவாகி, தூரத்துக் காட்சி மங்கும். காலையில் போவது நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் இதயத்துக்குள் வெள்ளைதான் இருக்கும். தண்டவாளத்தில் நின்று எடுக்காதீர்கள்.

விரல் இதயத்தில் சுட்டுவிரல் பெருவிரலுக்கு மேலே குறுக்காகப் படிய வேண்டும், நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவு வெளியே தெரிய வேண்டும், மற்ற மூன்று விரலும் உள்ளே மடங்க வேண்டும். நுனிகளைச் சமமாக வைத்தால் அப்பா சொன்ன காசுக் கைதான்.

குறி இல்லாத கைகள்

எங்கள் பாட்டிமாரின் அன்புக் கை வேறு. பேரப்பிள்ளையின் கன்னத்தை இரு கையாலும் வழித்து, அந்த விரல்களைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் முத்துவார்கள். அல்லது வழித்த கையை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். விரல்கள் சடசடவென்று ஒலித்தால் அவ்வளவு கண்ணூறு கழிந்தது. இதற்குக் குறி இல்லை. புதிய குறி வேண்டுமென்று யூனிகோட் அமைப்புக்கு யாரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நெட்டி முறிப்பதை ஒரு சின்னப் படத்தில் நிறுத்துவது கடினம். அது அசைவும் ஓசையும் சேர்ந்தது. அதற்கு ஐந்து விநாடி வீடியோ போதும். போனை ஒரு தகர டப்பாவில் சாய்த்து வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலைப் பார்த்து அமர்ந்து, கை இரண்டும் திரைக்குள் வருகிறதா என்று பார்த்து எடுங்கள். ஓசை கேட்க வேண்டும் என்பதால் மழை இல்லாத நேரமாகப் பாருங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது வேறெதுவும் பதிவாகாது.

அம்மாயிக்கு இதயம் அனுப்பக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. வரிசையில் தேடிக் கண்டுபிடி என்று சொன்னால் அவர் போனை வைத்துவிடுவார். குறிகளின் தொடக்கத்தில் கடிகாரப் படம் போட்ட ஓர் இடம் இருக்கும். அண்மையில் பாவித்தவை அங்கே நிற்கும். தீபாவளிக்கு வந்து திரும்பும் முதல் நாள் இரவு, அவருடைய போனிலிருந்தே இரு கை இதயத்தையும் கூப்பிய கையையும் உங்களுக்கு ஐந்தாறு முறை அனுப்பிவிடுங்கள். வேறெந்தக் குறியையும் அழுத்தாமல் விட்டால் அந்த இரண்டும் முன்னால் நிற்கும். பிறகு அவர் கையைப் பிடித்து, உங்கள் பெயரைத் திற, சிரிக்கும் முகத்தைத் தொடு, கடிகாரத்தைத் தொடு, கையைத் தொடு, அம்பை அழுத்து என்று நான்கைந்து தடவை அவரையே செய்ய விடுங்கள். விடிந்து பஸ் ஹட்டனைத் தாண்டுவதற்குள் முதல் இதயம் வந்துவிடும். நிறையப் பேருக்கு அது ஒரே நேரத்தில் பதினேழு வரும், நிறுத்தத் தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்தியிருப்பார்கள். அழிக்கச் சொல்லாதீர்கள்.